சிவப்புப் பெட்டியும் சாம்பல் பெட்டியும்

டெல் பிரூயிட்டின் பணப்பையில், ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால், ஒரு சிறு காகிதச் சதுரம் இருந்தது. இலக்குத் தாளிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட துண்டு அது. அதன் நடுவில் ஒரே ஒரு துளை. நூறு கஜத் தொலைவிலிருந்து சிவப்புப் பெட்டித் தோட்டாக்கள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ந்து உண்டாக்கிய துளை. உணவகத்தில் போய் அமர்ந்தால், காப்பி வருவதற்குள் அந்தக் காகிதம் மேசைக்கு வந்துவிடும்.

"பாத்தியா? மூணும் ஒரே ஓட்டையில. சட்டை பட்டனப் போட்டுப் பாரு, சரியா உக்காரும்."

"பாத்துட்டேன் டெல், போன வாரமும் பாத்தேன்," என்றாள் பரிமாறுபவள். "இப்போ முட்டை எப்படி வேணும், அதச் சொல்லு."

எதிரில் அமர்ந்திருந்த அவனுடைய அக்கா வெர்னா ஆஸ்ட்ராண்டர், சர்க்கரை போடாத காப்பியைத் தேவையில்லாமல் கலக்கிக்கொண்டிருந்தாள். முப்பது ஆண்டுகள் வயோமிங் மாநிலத்தின் மண்சாலைகளைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டி ஓய்வுபெற்றவள் அவள். மேடு எது, பள்ளம் எது என்பதில் அவளை ஏமாற்ற இயலாது. அந்தக் காகிதத் துண்டைக் காணும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு சினம் மூளும். அதை அவள் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிடுவாள்.

சினத்துக்குக் காரணம் இருந்தது. மூன்றே மூன்று சாட்சிகளின் சொல்லைக் கேட்டு, எதிர்த்தரப்பை விசாரிக்காமலேயே தீர்ப்பெழுதும் மன்றம் உலகில் வேறெங்கும் இல்லை; துப்பாக்கிக் கழகங்களில் மட்டும் உண்டு. மூன்று முறை சுடுவார்கள். துளைகள் நெருங்கி விழுந்தால், "இதுதான் என் துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா" என்று ஊரறியச் சொல்லுவார்கள். அடுத்த மூன்று சிதறி விழுந்தாலோ, அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டுக் காற்றின்மீது பழிபோடுவார்கள். சிதறிய தாளைப் பணப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் ஒருவனையும் வெர்னா இதுவரை கண்டதில்லை.

பெட்டிகளின் யோக்கியதையும் அவ்வளவுதான். போட்டித் தரம் என்று பொருள்படும் 'மேட்ச்' என்னும் சொல்லை அச்சிடுவதற்கு மையைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. ஒரே நிறுவனம், ஒரே பெட்டி, ஒரே படம். ஆனால் மார்ச் மாதத்தில் ஒரே தொகுப்பாகத் தயாரான லாட் ஒரு விதமாகச் சுடும், ஜூன் மாதத்து லாட் வேறு விதமாகச் சுடும். அதனால்தான் விவரம் அறிந்தவர்கள் பெட்டியின் முகப்பைப் பார்ப்பதில்லை. மடிப்பைத் திருப்பி, அங்கே பொடி எழுத்தில் குத்தப்பட்டிருக்கும் லாட் எண்ணைப் பார்ப்பார்கள். நல்ல லாட் ஒன்று அகப்பட்டுவிட்டால், அதே எண்ணைத் தேடி மாநிலம் முழுவதும் உள்ள கடைகளுக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். அவ்வாறு தேடிச் சேர்த்த சாம்பல் நிறப் பெட்டிகள் வெர்னாவின் படுக்கையறை அலமாரியில் அடுக்கியிருந்தன. முகப்பில் படம்கூட இல்லாத பெட்டிகள். நூறு கஜத்தில் அவை இட்ட துளைகளைப் பணப்பையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அவள் குண்டின் வேகத்தை அளக்கும் கருவியை வைத்துச் சுட்டுப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு தோட்டாவும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் குழலைவிட்டுப் புறப்பட்டது.

"இந்த வருஷம் சாம்பல் பெட்டிதான்," என்றாள் வெர்னா.

"அக்கா, அது கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போற செருப்பு மாதிரி. கடிக்காது, அவ்ளோதான். என்னோடது ஓடுற செருப்பு."

"போன வருஷம் ஓடிச்சே, பாத்தேன்."

சென்ற ஆண்டு, கடையில் வாங்கிய தோட்டாக்களுக்கான பிரிவின் இணையர் போட்டியில், இருவரும் ஒரே தோட்டாவைத்தான் சுட வேண்டும் என்பதால், சிவப்புப் பெட்டிக்காக அவன் பிடித்த பிடிவாதத்துக்கு அவள் இணங்கினாள். ஒரே ஒரு குண்டு தவறி இரண்டாம் இடம். முதலிடம் பெறும் இணையரை மட்டுமே கழகம் தேசியப் போட்டிக்கு அனுப்பும்.

இம்முறை வெர்னாவால் அடுத்த ஆண்டைப் பற்றிப் பேச இயலாது. வலக் கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருப்பதாகக் காஸ்பர் நகரத்துக் கண் மருத்துவர் வசந்தத்திலேயே கூறிவிட்டார். இந்தக் கோடைக்குத் தாங்கும்; அடுத்த கோடையில் துப்பாக்கித் தொலைநோக்கியின் குறுக்குக் கோடுகள் புகையாய்த் தெரியும். தேசியப் போட்டியின் மண்ணில் ஒருமுறையேனும் படுத்துச் சுட வேண்டும் என்று அவள் பல ஆண்டுகளாக விரும்பினாள். இதுவே கடைசி வாய்ப்பு என்பது டெல்லுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அவன் அந்தக் காகிதத்தை விடவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

சொல்லிப் பயனில்லை என்று கண்டதும், அவள் வேறு வழியில் இறங்கினாள். போட்டிக்கு முந்தைய வாரம், காற்று எழாத ஒரு விடியற்காலையில், அவனை ஆயிரம் கஜத் திடலுக்கு அழைத்துச் சென்றாள். திடலின் மறுகோடியில் வெள்ளைத் தாள் ஒட்டிய இரண்டு நெடிய பலகைகள் அருகருகே நின்றன. அவளுடைய சட்டையின் ஒரு பையில் சிவப்புப் பெட்டித் தோட்டாக்கள். மற்றொரு பையில் சாம்பல் பெட்டித் தோட்டாக்கள். எது எந்தப் பையில் என்பதை அவள் சொல்லவில்லை.

"நான் ஒண்ணொண்ணா எடுத்துத் தருவேன். 'இடது'ன்னா இடது பலகைல சுடு, 'வலது'ன்னா வலது. ஒரு வகை முழுக்க ஒரு பலகைக்குத்தான்."

"தோட்டா அடியில கம்பெனி பேரு இருக்குமே, படிச்சிட்டா?"

"உன் கண்ணாடி வண்டியில இருக்கு. எடுத்துட்டு வரவா?"

"வேணாம், வேணாம். நீ எடுத்துட்டு வர மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

டெல் தரையில் படுத்துச் சுட்டான். இடது, வலது, வலது, இடது என்று அவள் முறைவைக்காமல் நீட்டினாள். அவசரமே இல்லாமல் சுட்டான். சுடுவதில் அவனுக்கு நிகரான பொறுமைசாலி அந்தக் கழகத்தில் இல்லை. முடிந்ததும் இருவரும் பிக்-அப் வண்டியில் பலகைகளை நோக்கிச் சென்றனர்.

வலப் பலகையில் துளைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கியிருந்தன. இடப் பலகையிலோ, அவை முழங்கால் உயரத்திலிருந்து இடுப்புக்கு மேல்வரை ஏணிப்படிகள்போல் ஏறியிருந்தன.

டெல்லின் முகம் மலர்ந்தது. வலப் பலகையில் விரலை ஊன்றினான்.

"பாத்தியாக்கா? இதுதான் என் ஆளு. சிவப்பு. பாக்கும்போதே தெரியுதே!"

வெர்னா, பலகைவாரியாகப் பிரித்து வைத்திருந்த, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் குப்பிகளை இரு கைகளிலும் ஏந்தி, வலக் கையை நீட்டினாள். கூடவே அவனுடைய கண்ணாடியையும் நீட்டினாள். டெல் ஒரு குப்பியைத் திருப்பி அடியைப் படித்தான். இன்னொன்றையும் படித்தான். பிறகு அவளுடைய இடக் கையிலிருந்தும் ஒன்றை எடுத்துப் படித்தான். சிவப்புப் பெட்டியின் பெயர் அதில்தான் இருந்தது.

"காத்து..." என்று தொடங்கினான்.

"ரெண்டு பலகைக்கும் நடுவுல மூணு அடி. காத்து என்ன வேலி போட்டுக்கிட்டா வீசுது? காத்து பக்கவாட்டுலதான்டா தள்ளும். இது மேலயும் கீழயும் போயிருக்கு."

நூறு கஜத்தில் விரைந்து செல்லும் குண்டும் சோம்பிச் செல்லும் குண்டும் ஒரே துளைக்குள் நுழைந்துவிடும். கீழே விழுவதற்கு அவற்றுக்கு நேரமில்லை. ஆயிரம் கஜத்தில் சோம்பேறியின் குட்டு வெளிப்பட்டுவிடும். இது டெல்லுக்குத் தெரியாத செய்தியன்று. அவனே பிறருக்குச் சொன்னதுண்டு. தன் பணப்பைக்கும் அது பொருந்தும் என்பதுதான் அவனுக்குத் தோன்றவில்லை.

போட்டி நாளன்று காலையில், நடுவர் ஹாலிஸ் பிரெக்கின் மேசைக்கு டெல்லே பெட்டிகளை எடுத்துச் சென்றான். முத்திரை உடையாத பெட்டிகளை அங்கே காட்ட வேண்டும். ஹாலிஸ் லாட் எண்ணைச் சரிபார்த்து, நாடா ஒட்டிக் கையொப்பமிட்டுத் திருப்பித் தருவார். அதன்பின், இணையர் இருவரும் வேறு தோட்டாவைத் தொடக்கூடாது.

"சாம்பலா?" ஹாலிஸ் தாடியைத் தடவினார். "டெல், உன் பணப்பைக்கு விஷயம் தெரியுமா?"

"அதுகிட்ட இன்னும் சொல்லல. நீயும் சொல்லாத."

திரும்பி வந்தவன், அந்தப் பெட்டிகளை மதியச் சாப்பாடு இருந்த ஐஸ் பெட்டிக்குள், ரொட்டிகளுக்கும் ஊறுகாய் முட்டைப் புட்டிக்கும் இடையில் வைத்தான். ஐஸைக் காலையிலேயே வெளியில் கொட்டியிருந்தான்.

"என்னடா இது? தோட்டாவுக்கும் பசிக்குமா?"

"வெயில் ஏறும்க்கா. மருந்து சூடானா குண்டு வேகமாப் போயிடும். நாம சுட்டுப் பாத்ததெல்லாம் விடியக்காலக் குளிர்ல."

"அதெல்லாம் பழைய வெடிமருந்துக்கு. இந்தத் தோட்டா வெயிலுக்கு அசையாதுன்னு பெட்டியிலயே போட்டிருக்கான்."

"பெட்டியிலயா?" டெல் அவளைக் கூர்ந்து பார்த்தான். "பெட்டியில போட்டத நம்பச் சொல்றது நீயா?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "மேல தண்ணி படாம பாத்துக்கோ," என்று மட்டும் சொன்னாள்.

பிற்பகலில் ஆகஸ்ட் வெயில் புல்வெளியை வறுத்தெடுத்தது. இறுதிச் சுற்று ஆயிரம் கஜம்; இரும்புத் தகட்டில் ஆளுக்கு ஐந்து முறை சுட வேண்டும். டெல் ஐந்தையும் அடித்தான். முன்னணியில் இருந்த இணையர் ஏற்கெனவே சுட்டு முடித்திருந்தனர். வெர்னாவும் ஐந்தையும் அடித்தால் முதலிடம். ஒன்று தவறினாலும் மீண்டும் இரண்டாம் இடம்.

அவள் நான்கை அடித்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் தகட்டின் ஓசை தாமதித்து, மெல்லிதாக வந்து சேர்ந்தது. ஐந்தாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, மூச்சைப் பாதியில் நிறுத்தியபோது ஹாலிஸ் உரக்கக் கத்தினார்.

"நிறுத்துங்க! போல்ட்டத் திறங்க, தோட்டாவ வெளிய எடுங்க! விருந்தாளி வந்தாச்சு!"

மான்கூட்டம் ஒன்று தகடுகளுக்கு முன்னால் மேய வந்திருந்தது. வெர்னா தோட்டாவை வெளியே எடுத்துக் கறுப்பு ரப்பர் விரிப்பின்மேல் வைத்துவிட்டு, விதிப்படி எழுந்து பின்னால் சென்று நின்றாள். மான்கள் அவசரப்படவில்லை. ஒன்று தகட்டின் சட்டத்தில் கழுத்தைத் தேய்த்தது.

"சொரிஞ்சுக்கோ தாயீ, நிதானமாச் சொரிஞ்சுக்கோ," என்றார் ஹாலிஸ். "நாங்க சும்மாதான் இருக்கோம்."

கடைசி மானும் மேட்டைக் கடந்தபின் மீண்டும் சுட அனுமதி கிடைத்தது. வெர்னா படுத்து, விரிப்பின்மேல் இருந்த தோட்டாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அத வுட்டுடு," என்றான் டெல். அவன் பக்கத்தில் படுத்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தான். "பெட்டியிலேருந்து புதுசு எடுத்துக்கோ."

"நேரம் ஓடுது டெல்."

"ஓடட்டும். இவ்ளோ நேரம் வெயில்ல வெந்திருக்கு. மேல போயிடும்க்கா." தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "போன வருஷம் என் கடைசித் தோட்டா வண்டி மேல வெயில்ல கெடந்தது. தகட்டுக்கு மேல போச்சு. சாக்கு சொல்றேன்னு திட்டுவியேன்னு சொல்லல."

அவளுடைய விரல்கள் அந்தத் தோட்டாவைத் தொட்டிருந்தன. பித்தளை சுட்டது. எல்லாவற்றையும் சோதித்துத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று அவள் எண்ணியிருந்தாள். வெயிலை மட்டும் சோதிக்கவில்லை. அதைச் சோதித்துப் பார்த்தவன், அதற்காக ஒரு போட்டியையே பறிகொடுத்துவிட்டு, ஓராண்டாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறான். அவன் சொல்லியிருந்தால் தன் பதில் என்னவாக இருந்திருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"குடு," என்றாள்.

டெல் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு தோட்டாவை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தான். அது குளிர்ந்திருந்தது, ஊறுகாய் வாசனையும் லேசாக வந்தது.

"காத்து முன்ன மாதிரியேதான். ஒண்ணும் மாத்தாத."

தகட்டின் ஓரம் அவளுடைய பார்வையில் ஒருமுறை கலங்கி, மறுபடியும் தெளிந்தது. தெளிந்திருக்கும்போதே சுட்டாள். தோளில் உதை விழுந்தது. பிறகு அமைதி.

"பட்டாச்சு," என்றான் டெல், ஓசை வருவதற்கு முன்னாலேயே. அதன்பிறகுதான் ஓசை வந்தது.

ஹாலிஸ் விசிலை ஊதிவிட்டு, எதையோ சொல்லிக் கைதட்டினார். வெர்னா எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தபடியே சிறிது நேரம் கிடந்தாள். டெல்லும் எழவில்லை.

மாலையில் தகடுகளுக்கு மீண்டும் வெள்ளைச் சாயம் பூசுவது, சுட்டவர்களே செய்யவேண்டிய வேலை. சாய டப்பாவுடன் இருவரும் அங்கே சென்றார்கள். வெர்னாவின் ஐந்து அடிகளும் சாயம் உரிந்த வட்டங்களாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் அவளுக்கான தகட்டின் நடுவில் பளபளத்தன. டெல் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பணப்பையை வெளியே எடுத்துத் திறந்தான்; காகிதத்தைப் பார்த்தான்; தகட்டைப் பார்த்தான்.

"இந்த இரும்ப எப்படிக்கா பர்ஸ்ல வைக்கிறது?"

"வைக்காத. இனிமேலாவது ஜனங்க நிம்மதியா சாப்பிடட்டும்." அவள் டப்பாவைக் குலுக்கினாள். "அந்தக் காகிதம் இருந்துட்டுப் போகட்டும். அதுவும் நீ சுட்டதுதானே."

டெல் காகிதத்தை மீண்டும் உரிமத்துக்குப் பின்னால் செருகினான்.

"தேசியப் போட்டி நடக்குற எடம் நம்ம ஊர விடத் தாழ்வு. சூடு இன்னும் ஜாஸ்தி. சாம்பல் பெட்டியே போதுமா, இல்ல..."

"டெல்."

"சும்மா கேட்டேன்க்கா."

"வெயில்ல வெச்சு, பத்து சுட்டுப் பாப்போம். மூணு இல்ல, பத்து." ஐந்து வட்டங்களின்மேலும் அவள் நிதானமாக வெள்ளையைப் பூசினாள். "ஐஸ் பெட்டியில முட்டை மிச்சம் இருக்கா?"