பீச்சாங்கைக்கு ஒரு பொன்னாடை

பேனரில் சுகுமாறனைவிட மாமா ஐயாவுதான் பெரிதாக இருந்தார். பார்த்ததுமே தனேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. ஐரோப்பாவில் ஒரு ஹாக்கி கிளப் சம்பளம் பேசிக் கூப்பிட்டிருப்பது அவள் தம்பியை. பாராட்டு விழாவும் அவனுக்குத்தான். ஆனால் கோல சிலாங்கூர் மண்டப வாசலில் கைகூப்பி நின்றது மாமாவின் மீசை. அதன் கீழே 'நட்சத்திரத்தை உருவாக்கிய தாய்மாமன்' என்று மஞ்சள் எழுத்து வேறு. உருவாக்கினாராம்! பையன் என்ன இவர் வனைந்த பானையா?

உள்ளே முதல் வரிசையில் அப்பா உடையப்பன் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் காரியம் முடிந்த கையோடு உலு யாமில் இன்னொரு குடித்தனம் தேடிப் போனவர். பதினெட்டு வருஷமாக மறந்திருந்த வழி, மகன் படம் பேப்பரில் வந்ததும் எப்படியோ ஞாபகம் வந்துவிட்டது. தனேஸ்வரிக்கு என்று ஒரு நாற்காலி ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் கடைசி வரிசையில், காற்றாடி எட்டாத மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு மாலை வேண்டாம், மரியாதை வேண்டாம். தம்பி மைக்கைப் பிடித்து ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும். சொல்வானா என்பதுதான் சந்தேகம். டிவியில் அவன் பேட்டி கொடுப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். யார் எதைக் கேட்டாலும் சிரித்து, எல்லாருக்கும் நன்றி சொல்லி நழுவிவிடுவான். நல்ல பிள்ளையாம். நல்ல பிள்ளைகளை நம்பித்தானே மாமா மாதிரி ஆட்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

மாமா மேடையேறினார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷமாகிறது. இன்னும் மைக்கை ஆள் கூப்பிடும் விசில் மாதிரிதான் பிடிப்பார்.

"எங்க மருமவன் பொறவியிலயே பீச்சாங்கை. திருநீறு வாங்குனாலும் பீச்சாங்கை, சோறு தின்னாலும் பீச்சாங்கை. ஆனா ஹாக்கியில பீச்சாங்கைக்குன்னு தனியா ஸ்டிக் கெடையாது, தெரியுமா? எல்லாம் சோத்தாங்கை ஆட்டந்தான். அத அன்னிக்கே யோசிச்சேன். கட்டுடா அந்தக் கையன்னேன்! நான் மட்டும் கட்டலன்னா இவன் இன்னிக்கு ஹாக்கி ஆடியிருப்பானா லா?"

மண்டபம் கைதட்டியது. அப்பாதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

தனேஸ்வரிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அன்றைக்கு மாமாவுக்கு ஹாக்கி என்றால் தின்பதா உடுத்துவதா என்றே தெரியாது. இன்றைக்கும் தெரியவில்லை. மட்டையின் கைப்பிடி நுனியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவது இடது கைதான். வலது கை கீழே இருந்து தாங்கிக்கொடுக்கும். தம்பி மட்டையைப் புரட்டி அடிக்கிற அடிக்காகத்தான் வெள்ளைக்காரன் அவனைக் கூப்பிட்டிருக்கிறான். செகிஞ்சான் அரிசி ஆலையில் மூட்டை தைத்தவளுக்கே இது தெரிகிறது. மண்டோர் அரை மணி நேரம் கைப்பேசியில் ஆட்டம் பார்த்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். பார்க்காமலே மேதாவி ஆனவர் அவர்.

நடந்தது வேறு. அம்மா போனபோது சுகுமாறனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பத்தொன்பது. தோட்டத்து லயத்தில் மாமா வீட்டில்தான் ஒண்டியிருந்தார்கள். கோயில் பூசையில் பையன் இடது கையை நீட்டித் திருநீறு வாங்கிவிட்டான். மண்டோர் மானம் கப்பலேறிவிட்டதாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டை அவள் மேல் வீசினார்.

"அவன் பீச்சாங்கைய முதுகுக்குப் பின்னால வச்சுக் கட்டு. முடியாதுன்னா ரெண்டு பேரும் இப்பவே வெளிய போங்க."

எங்கே போவது? கட்டினாள். தினமும் வேலை விட்டு வந்ததும் கட்டினாள். ஆனால் மூட்டை தைக்கிறவளுக்கு முடிச்சு தெரியாதா? பார்க்க இறுக்கமாக இருக்கும், சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கழன்று வந்துவிடும். அந்த முனை எது என்று தம்பிக்கு மட்டும் காட்டிக்கொடுத்தாள்.

மேடையில் மாமா மருமகன் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, கேமரா பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகுதான் சுகுமாறன் கைக்கு மைக் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். மாமாவுக்கு நன்றி. என் கையக் கட்டுனாங்கன்னு மாமா சொன்னது உண்மைதான்."

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். போச்சு என்று நினைத்தாள் தனேஸ்வரி. இவனும் இவ்வளவுதான். இதற்கா லீவு போட்டு வந்தோம் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, எங்க போற? நில்லு."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கட்டச் சொன்னது மாமா. கட்டுனது எங்க அக்கா. ஆனா ஒரு முனைய இழுத்தா போதும், அவுந்துரும். மாமா மோட்டர் பைக் சத்தம் அந்தப் பக்கம் போனதும் நான் அவுத்துட்டு, காஞ்ச செம்பனை மட்டைய எடுத்துக்கிட்டு தெடலுக்கு ஹாக்கி ஆட ஓடிருவேன். சத்தம் திரும்பி வந்தா அக்கா மறுபடியும் கட்டிரும். நாலு வருஷம். செகிஞ்சான்ல ரூம் எடுத்து அக்கா என்னைக் கூட்டிக்கிட்டுப் போற வரைக்கும் மாமா கண்டுபுடிக்கவே இல்ல லா!"

பின்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசை வரை பரவியது. அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

சுகுமாறன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். "ஸ்டிக்கத் திருப்புறது இந்தக் கைதான் மாமா. நீங்க ஜெயிச்சிருந்தா நான் இன்னிக்கு இங்க நின்னிருக்க மாட்டேன்."

தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து மடித்தான். "அக்கா, மேல வா."

தனேஸ்வரி நடந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே அவ்வளவு தூரம் எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சந்தோஷம் கண்ணை மறைத்தது, கூடவே கொஞ்சம் வெட்கமும். தம்பியைப் போய் இவ்வளவுதான் என்று நினைத்துவிட்டோமே.

அவள் மேடையேறியதும் சுகுமாறன் பொன்னாடையை நீட்டினான். இடது கையால்.

மாமா பல்லைக் கடித்தார். "டேய், சபையில மானத்த வாங்காத. சோத்தாங்கையில குடுடா!"

சுகுமாறன் கையை மாற்றவில்லை. சிரிப்பு அடங்கி, எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

பழக்கத்தில் அவளுடைய வலது கை பாதிவரை எழுந்துவிட்டது. அதை இழுத்து, கட்டிப் போட்டது மாதிரி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.