இரண்டு ராத்தல் மண்ணீரல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பழைய மருத்துவக் குறிப்பொன்றில் கிடந்தது: 'தமிழ்ப் பெண், வயது 26, கோலாலம்பூர், 1929. இடம் நழுவிய மண்ணீரல். காம்பு மும்முறை முறுக்கியிருந்தது. அகற்றப்பட்டது. எடை இரண்டு ராத்தல். குணம்.' மண்ணீரலின் எடை இருக்கிறது, அவள் பெயர் இல்லை. தனலெட்சுமி என்று நான்தான் வைத்தேன். கணவன் ரெங்கசாமி, பிரிக்பீல்ட்ஸில் ரயில்பாதைக் கூலி.

2

'மழை விடாமல் பெய்த அந்தக் காலையில், தனலெட்சுமியின் வயிற்றில் ஏதோ' (வேண்டாம். மலாயாக் கதை என்றால் மழை பெய்தே தீர வேண்டுமா?)

நடந்தது இதுதான். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளையில்லை. ஒருநாள் அவள் அடிவயிற்றில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புரண்டு படுத்தால் அதுவும் நகர்ந்தது. ரெங்கசாமி கைவைத்துப் பார்த்து, "அசையுது புள்ள," என்றான். மறுநாளிலிருந்து தண்ணீர் தூக்குவது அவன் வேலையாயிற்று.

(அவளுக்கு மாதவிலக்கு நிற்கவில்லை. அவனிடம் சொல்லவில்லை. அவளைப் பொய்க்காரியாக எழுத மூன்று முறை முயன்றேன், வரவில்லை. அவன் முதல்முறையாக அவளுக்கென்று பாசாரிலிருந்து மாதுளை வாங்கி வந்திருந்தான்.)

3

அவன் கணக்கில் ஐந்தாம் மாதம். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே மடங்கி விழுந்தாள். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழி முழுக்க, "பொறுத்துக்க, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது," என்றான். அவள் பல்லைக் கடித்தபடி, "சரிங்க," என்றாள்.

(மண்ணீரலைப் பிடித்துவைக்கும் நார்கள் தளர்ந்தால் அது வயிற்றுக்குள் ஊர்சுற்றும். தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டால் ரத்தஓட்டம் நிற்கும், திடீரென்று வலிக்கும். மிக அபூர்வமாம். வலிக்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.)

அறுவை முடிந்து நர்ஸ் டொரத்தி வெளியே வந்தாள். ரெங்கசாமி எழுந்து நின்றான்.

"ஆணா, பொண்ணா மிஸ்ஸி?"

"மண்ணீரல்ண்ணே."

"அப்ப புள்ள?"

"புள்ள இல்லண்ணே. இருந்ததே இல்ல. அவங்க பொழச்சுக்குவாங்க."

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் வார்டுக்குள் போகாமல் தண்டவாளத்தோடு நடந்து (அடித்துவிட்டேன்). இன்னொன்றில் அடுத்த வருடமே பிள்ளை பிறக்கிறது. அப்படி ஈடுகட்ட எனக்கு அதிகாரமில்லை.

மிஞ்சியது இது. மறுநாள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தான்.

"புள்ள இல்லன்னு எனக்கு மொதல்லயே தெரியுங்க," என்றாள்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் குனிந்து, "வலிக்குதா?" என்றான்.

அவள் ஒரே சொல்தான் சொன்னாள். 'இல்ல' என்று எழுதினேன். 'வலிக்குது' என்று மாற்றினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அவன் காதைக் கொடுத்துக் குனிந்தபடியே இருக்கிறான். உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் என்ன சொல்லியிருப்பாளோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.