ஏணி எந்தப் பக்கம்

"கியர் இருக்கிற இடம் அதில்ல."

கட்டிலிலிருந்து குரல் வந்தபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். வாரக்கணக்கில் சுவரைப் பார்த்தே படுத்திருந்த மனுஷன் இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார். கண்ணைக் கண் பார்த்துவிட்டால் பழையபடி சுவருக்கே போய்விடுவார். பசை தடவிய அட்டைத் துண்டை விரலால் அழுத்திப் பிடித்தபடியே, "எனக்குத் தெரிஞ்ச இடத்துல வைக்கிறேன்" என்றாள்.

"தெரியாத இடத்துல வைக்கிற. அங்க கை எட்டாது."

"இந்த பஸ்ஸை ஓட்டப்போற ஆளோட கை எவ்வளவு நீளம்னு நீங்க பாத்தீங்களா?"

கட்டில் கிறீச்சிட்டது.

அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே தடம்தான். அந்தத் தடத்தில் ஏறி இறங்குகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். நேரத்துக்கு வருவார், நேரத்துக்குக் கிளம்புவார், நடுவில் எவன் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். கட்டிய மனைவிக்கும் அதே சட்டம். வீடு மாடியில், ஸ்டாப் நேர் கீழே. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்ற தைரியத்தில் அவள் வாரத்தில் பாதி நாள் பஸ்ஸைக் கோட்டை விடுவாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஓடி வருவது கண்ணாடியில் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுப்பார். சாயங்காலம் சண்டைக்குப் போனால், "உனக்கு நின்னா ஊருக்கே நிக்கணும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். கறார் என்றால் அப்படியொரு கறார். வெளியில் அவளும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் காலை ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது அப்படியே சரிந்தார். வலிப்பு. அடுத்த வாரமே இன்னொரு தடவை. மாத்திரைக்கு அடங்கிவிட்டது, ஆனால் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிப்போவில் ஆளைக் கைவிடவில்லை. ஷெட்டிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு வண்டியையும் சுற்றிவந்து பார்த்து, எல்லாம் சரி என்று அனுப்புகிற வேலையை அவருக்கென்று ஒதுக்கி, மாசக் கடைசி வரைக்கும் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் வராவிட்டால் வேறு ஆள்.

அவர் மசியவில்லை. "ஓட்டினவன் நான். இன்னொருத்தன் ஓட்டறதுக்கு நான் கை காட்டி அனுப்பணுமா?" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர்தான். வாசலுக்குப் போவதில்லை, சட்டை போடுவதில்லை. கீழே அவருடைய பஸ் வருகிற சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். அது ஒன்றுதான் அவர் செய்த வேலை. அவள் கெஞ்சினாள். அவருடைய தங்கை வந்து அழுதாள். வெளியூரில் படிக்கிற மகள் ஃபோனில் அப்பா அப்பா என்று கரைந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

அவளுக்கு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களின் காகிதத்தை மடிப்பாள், அடுக்குவாள், ஒட்டுவாள். வெட்டு மெஷின் ஓரத்தில் குவிகிற அட்டைத் துண்டுகளை முன்பெல்லாம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இவர் படுத்த பிறகுதான் ஒருநாள், சும்மா இருக்கட்டுமே என்று ஒரு பிடி எடுத்துவந்தாள். முதலில் ஒரு பெட்டி. அப்புறம் கதவு திறந்து மூடுகிற அலமாரி. அப்புறம் ஊதினால் சுற்றுகிற மின்விசிறி. இதையெல்லாம் கணவரைத் தேற்றுவதற்காகச் செய்தாள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். தனக்காகத்தான் செய்தாள். அந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அட்டைதான். மடித்தால் மடிந்தது, நில் என்றால் நின்றது. அலமாரிக் கதவு முதல்முறை சரியாகப் பொருந்தி மூடியபோது அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. "ஏன் அண்ணி, அண்ணா இப்படிக் கிடக்கிறப்ப உங்களுக்குக் காகிதம் வெட்ட எப்படித்தான் மனசு வருது?"

"இதை வெட்டலைன்னா உங்க அண்ணாவைக் கடிச்சுக் குதறிடுவேன். எது தேவலாம்னு நீயே சொல்லு."

நாத்தனார் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போகும்போது மின்விசிறியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

பஸ் செய்ய நினைத்ததற்குக் காரணம் நிறம். ஏதோ பள்ளிக்கூடப் புத்தகத்தின் மேலட்டை வெட்டில் நீலத் துண்டுகள் விழுந்தன. அச்சு அசலாக அந்த பஸ்ஸின் நீலம். பார்த்ததும் கை நமநமத்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு வண்டி. இருக்கைகள், கம்பிகள், மடங்கித் திறக்கிற கதவு. அதைத்தான் அவர் கட்டிலில் படுத்தபடியே ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்தவருக்கு கியர் தப்பான இடத்தில் நிற்பது தாங்கவில்லை.

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது கியர் இடம் மாறியிருந்தது. சுற்றிலும் பசை வழிந்து, கட்டைவிரல் ரேகை பதிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துத் தூங்குவதுபோல் படுத்திருந்தார். அவள் ஈரத்துணியால் பசையைத் துடைத்தாள். அதற்கடுத்த நாள் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி முளைத்திருந்தது, அதுவும் மடிப்பில் பிளந்துபோய்.

இதற்குமேல் சும்மா இருக்க பைண்டிங்காரியால் முடியுமா?

"அட்டையில நார் ஓடுற திசை பாத்து மடிக்கணும். குறுக்கால மடிச்சா இப்படித்தான் வெடிக்கும். எந்திரிச்சு வாங்க, காட்டுறேன்."

வந்தார். உட்கார்ந்தார். பெரிய கை, தடித்த விரல். ஊசிபோல வெட்டவேண்டிய இடத்தில் கோடரியால் வெட்டியதுபோல் வெட்டினார். ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். மீட்டர் பலகை, வைப்பர், தலைக்குமேலே இருக்கிற சின்னக் கண்ணாடி, அதற்குச் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள் என்று முன்பக்கம் முழுக்க அவருடையது. கதவும் இருக்கையும் அவளுடையது. "இந்த சீட்டு கொஞ்சம் ஆடணும், அஞ்சு வருஷமா ஆடுது" என்பார். அவள் ஆடவைப்பாள். வேலை முடிந்து வருகிறவளுக்கு அவர் டீ போட்டுவைக்க ஆரம்பித்தார். சீக்கிரம் குடித்துவிட்டு உட்காரவேண்டும் என்ற அவசரம்தான், வேறொன்றுமில்லை.

எல்லாம் சரி. ஆனால் பஸ் வரும் சத்தம் கேட்டால் இன்னமும் ஜன்னல் சாத்தப்பட்டது. மாசக் கடைசிக்கு விரல்விட்டு எண்ணுகிற நாட்கள்தான் இருந்தன. டிப்போ என்ற வார்த்தையை எடுத்தாலே கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போய்விடுவார்.

கடைசியாகப் பாக்கியிருந்தது பின்பக்கத்து ஏணி. பஸ் கூரைக்கு ஏறுவதற்கு ஒட்டியிருக்குமே, அது. ஒரு லீவு நாள் காலையில் அவள் அதை அழகாகச் செய்து முடித்து, கதவு இருக்கிற பக்கமாக வைத்துப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் இல்ல. டிரைவர் பக்கம்" என்றார்.

"கதவுப் பக்கம்."

"ஏய், அந்த வண்டியை ஓட்டினது யாரு?"

"ஓட்டினது நீங்க. பின்னாடி ஓடினது யாரு?"

அவள் விடவில்லை. எத்தனை வருஷத்து ஆத்திரம், வந்தால் நிற்குமா?

"நீங்க அந்த வண்டிக்கு முதுகைக் காட்டியே உக்காந்திருந்தீங்க. அது எனக்கு முதுகைக் காட்டியே போச்சு. என்னைவிட அந்த பஸ்ஸோட பின்பக்கத்தைப் பாத்தவங்க இந்த உலகத்துலயே கிடையாது. ஏணி கதவுப் பக்கம்தான்."

"டிரைவர் பக்கம். எழுதித் தரேன்."

"எழுதி என்ன செய்ய? கீழதானே வரும். போய்ப் பாத்துட்டு வாங்க."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே திக்கென்றது. அவர் முகம் இறுகிவிட்டது. போச்சு, இத்தனை நாள் பாடும் வீண், இனி சுவர்தான் என்று நினைத்தாள்.

அவர் எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து உதறினார். பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நான் சொன்னதுதான் சரின்னா, நீ என்ன செய்வ?" என்று கேட்டார்.

"ஏணியைப் பிச்சுட்டு உங்க பக்கம் ஒட்டுறேன். வாயைத் திறக்கமாட்டேன்."

"அதைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தலையை வாரிக்கொண்டார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். ஸ்டாப்பில் நின்றவர்கள் அவரைப் பார்த்து விலகி வழிவிட்டார்கள். யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் குலுக்கினாரே தவிர, கண் தெருமுனையிலேயே இருந்தது. பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏற, அவர் நேராகப் பின்பக்கம் போனார். புது டிரைவர் அவரைக் கண்ணாடியில் பார்த்திருக்கவேண்டும், இறங்கிப் பின்னால் ஓடிவந்தான். இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஏதோ காணாததைக் கண்டதுபோல் அந்த ஏணியைப் பார்த்தார்கள்.

ஏணி கதவுப் பக்கத்தில் இருந்தது.

அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, உள்ளங்கையால் அந்த ஏணியை இரண்டு தட்டு தட்டி, தலையை ஆட்டினார். தோற்றதை நடுத்தெருவில் நின்று ஒப்புக்கொள்கிற ஆம்பளையை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு அவர் குனிந்தார். பின்விளக்கு ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்துக் காட்டி, புது டிரைவரிடம் விரலை நீட்டி ஏதோ கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். அவர் கேட்டார், அவன் சொறிந்தான். கடைசியில் அவர் விடுவிடுவென்று போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். டிரைவர் இருக்கையில் இல்லை. பயணிகளோடு பயணியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு. பஸ் போய்விட்டது.

சாயங்காலம் டிப்போவிலிருந்து வந்தபோது அவர் சட்டையெல்லாம் கிரீஸ். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஒரு வண்டிக்கு லைட்டு தொங்குது. ஒண்ணுக்கு பின் டயர் மொட்டை. இன்னொண்ணுல அவசர வழிக் கதவே திறக்கல. சுத்திப் பாக்காமயே அனுப்பியிருக்கானுங்க. உள்ள உக்காந்து ஓட்டறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? இவ்வளவு வருஷம் எனக்கே தெரியல. திங்கக்கிழமையிலேர்ந்து நான் வரேன், நான் பாக்காம ஒரு வண்டி வெளிய போகக்கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் டம்ளரை நீட்டினாள். "டீ குடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் மேசைக்குப் போய் அட்டை பஸ்ஸைத் திருப்பிப் பார்த்தார். ஏணி கதவுப் பக்கம் ஒட்டப்பட்டு, பசை நன்றாகக் காய்ந்திருந்தது.

"நான் கீழ போறதுக்கு முன்னாடியே ஒட்டிட்டியா?"

"நீங்க படியில இறங்கும்போதே."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும்தான்.

திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல் முன்னாலேயே கீழே இறங்கிவிட்டார். கடிகாரம் இல்லையா? அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், ஜன்னல் திறந்திருப்பதைக் கவனித்தாள். காற்றில் அட்டை பஸ் விழுந்துவிட்டால்? திரும்பிப் போய் அதைத் தூக்கி அலமாரிமேல் வைத்து, விழாமல் ஓரத்தில் புத்தகத்தை முட்டுக்கொடுத்தாள். அதற்குள் கீழே பஸ் வந்துவிட்டது. ஹாரன் கேட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள், அந்த ஏணியைத்தான் இன்றைக்கும் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே.

பஸ் நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது. அவர் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றார்.

"அண்ணே, நேரமாச்சுண்ணே" என்றான் புது டிரைவர். "ஒருத்தருக்கு நின்னா ஊருக்கே நிக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

உள்ளே யாரோ முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இருப்பா. இந்த வண்டியைத் தன் கையால செஞ்சவங்க வர்றாங்க. அவங்க வராம எப்படி எடுக்கிறது?"

ஜன்னலோரம் இருந்த தலைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின. ஓடிவந்தவள் நின்றாள். மூச்சை விட்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்து, பையைத் தோளில் நன்றாக மாட்டிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு, அவசரமே இல்லாமல், பஸ்ஸை நோக்கி நடந்தாள்.