என் கிட்னியும் அவள் ரத்தமும்

என் மனைவியின் ரத்தத்துக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது, என் கிட்னி ஒன்றை அவளுக்கு வைத்த ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவர் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை.

"உங்க கிட்னிக்கு எதிரா அவங்க ரத்தத்துல ஆன்டிபாடி மறுபடியும் ஏறுது சார். மூணு பிள்ளை பெத்தவங்க. ஒவ்வொரு பிள்ளையும் பாதி நீங்கதானே? வயித்துல சுமக்கும்போதே உங்களை எதிர்க்க அவங்க உடம்பு கத்துக்கிச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி அதைக் கழுவி எடுத்தோம். இப்ப திரும்ப வருது. இன்னும் அஞ்சு தடவை பிளாஸ்மாவை, அதான் ரத்தத்தோட நீர்ப்பகுதியை, மாத்திப் பார்ப்போம், மருந்தும் போடுவோம். அடங்கலைன்னா கிட்னி நிக்காது."

இருபத்தெட்டு வருஷக் குடித்தனம். நான் வாயைத் திறந்தால் அவள் எதிர்த்துப் பேசுவாள் என்பது தெருவுக்கே தெரியும். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், வீட்டுக்கு வந்த பிறகும் வேலையை விடமாட்டாள். ஆனால் அதை ரிப்போர்ட்டில் எண்ணாகவே போட்டுக் கையில் கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து இருக்கையில் எனக்கென்று தனி பிரேக் உண்டு, ஆக்ஸிலேட்டர் கிடையாது. அந்தப் பழக்கத்தில், பயம் வந்தால் எங்கே உட்கார்ந்திருந்தாலும் கால் தரையை அழுத்தும். அன்று டாக்டரம்மாவின் மேசைக்கு அடியில் அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். எதுவும் நிற்கவில்லை.

மருந்து அவர்கள் பாடு. என் பங்குக்கு நானும் ஒன்று செய்வது என்று முடிவுகட்டினேன்: அவளுக்கு என் மேல் எதிர்ப்பு வரும்படி எதுவுமே செய்யக்கூடாது. ரத்தத்துக்கும் ரோஷத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும், அறுத்து எடுத்த இடத்தில் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிற மனிதனிடம் அறிவை எதிர்பார்க்க முடியாது. செருப்பை ஜோடியாகக் கழற்றினேன். ஈரத்துண்டை ஆஸ்பத்திரி அறையில் எனக்குக் கொடுத்திருந்த கட்டிலில் எறியாமல் பால்கனியில் உலர்த்தினேன். செல்போனில் ரகசியம் பேசுவதுபோலப் பேசினேன். "நீ சொன்னா சரிதாம்மா" என்று ஒரே நாளில் பதினோரு தடவை சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சந்தோஷம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று தடவை பிளாஸ்மா மாற்றியாகிவிட்டது. சிறுநீர்தான் குறைந்துகொண்டே வந்தது. நர்ஸ் அளந்து சொல்லும் கணக்கு தொள்ளாயிரத்திலிருந்து அறுநூறு, அறுநூற்றிலிருந்து நானூறு மில்லி என்று இறங்கியது. நான் இன்னும் நல்லவனானேன்.

நான்காம் நாள் காலையில் நான் முகம் கழுவிவிட்டு வரும்போது, அவள் எங்கள் மூத்த மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பீரோ சாவி எங்கே இருக்கிறது, எந்தப் புடவை யாருக்கு, அப்பாவுக்கு எந்த மாத்திரை எப்போது என்று வரிசையாகச் சொன்னாள்.

"எதுக்கு இப்ப இதெல்லாம்?"

போனை வைத்தாள். "டாக்டரம்மா எத்தனை நாள்னு சொன்னாங்க? மறைக்காம சொல்லுங்க."

"அப்படியெல்லாம் யார் சொன்னா?"

"நீங்கதான். நாலு நாளா செருப்பு ஜோடியா நிக்குது. எது சொன்னாலும் தலையாட்டுறீங்க. நேத்து வேணும்னேதான் சூரியன் கிழக்கே மறையுதுன்னு சொன்னேன். 'நீ சொன்னா சரிதாம்மா'ன்னீங்க. சாகப்போறவகிட்டதான் மனுஷன் இப்படி நடந்துக்குவான்."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "பயமா இருக்குடி. உன் உடம்புக்கே என்னைப் பிடிக்கலைன்னா நான் எங்க போவேன்?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கிட்னியோட சேர்த்து மூளையையும் எடுத்துட்டாங்களா? என் ரத்தம் பண்றதுக்கு நானா பொறுப்பு? எனக்கு உங்க மேல கோபம்னா நேராவே சொல்லியிருக்க மாட்டேனா? இத்தனை வருஷத்துல சொல்லாம விட்டது ஏதாவது உண்டா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"போய் அந்தத் துண்டை எடுத்துட்டு வாங்க. எப்பவும் எங்க போடுவீங்களோ அங்க போடுங்க. உங்களைத் திட்டி நாலு நாளாச்சு."

கொண்டுவந்து என் கட்டில்மேல் போட்டேன். அவள் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள். துண்டில் தொடங்கி, செருப்புக்கு வந்து, கல்யாணத்தன்று நான் பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாக வந்தது வரை போனாள். நான்காவது தடவை பிளாஸ்மா மாற்ற அழைத்துப்போக வந்த நர்ஸ், சண்டை என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கண் மட்டும் அவள் கட்டிலுக்குக் கீழே போனது. அங்கே தொங்கிய சிறுநீர் அளவுப்பெட்டிக்குள் குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. என் கால் தரையில் இல்லாத ஆக்ஸிலேட்டரைத் தேடித் தேடி மிதித்தது.