ஒன்றாம் நம்பர் மைக்

கழுத்தில் வந்த கட்டியை எடுத்தால் ராஜம் அக்காவுக்குப் பேச்சு ஒருவேளை திரும்பும், பாட்டு திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முதல் நாள் எங்கள் டில்லி கரோல் பாக் சபாவில், மெட்ராஸிலிருந்து வந்த பாடகிக்கு அக்கா பின்பாட்டு பாட ஒப்புக்கொண்டிருந்தாள்.

"இத மட்டும் டேப்ல எடுத்துக் குடுத்துடுங்கோ மாப்பிள்ளை. எனக்கு அது போதும்" என்றாள் என் வீட்டுக்காரரிடம். பகலில் சர்க்கார் குமாஸ்தாவான சேஷன், சாயங்காலத்தில் சபாவின் மைக் செட்காரர்.

அந்த வருடம்தான் ஹாலில் நிரந்தரமாக ஒயர் ஓட்டியிருந்தார்கள். மேடையில் வரிசையாக ஐந்து மைக் செருகும் இடம்; ஒயர்கள் சுவருக்குள் ஓடி, ஹாலின் பின்கோடியில், மேடையைப் பார்த்த மைக் அறையில் தலைகாட்டும். இரண்டு நுனியிலும் வெள்ளை பிளாஸ்டர் சுற்றி நம்பர் எழுத வேண்டும். மேடைப் பக்கத்தை எலெக்ட்ரீஷியன் நல்லசிவம் எழுதினார், அறைப் பக்கத்தை இவர். இரண்டு சமர்த்தர்களும் எதிரெதிரே நின்று, அவரவர் இடது கையிலிருந்து ஒன்று, இரண்டு என்று எழுதிவிட்டார்கள். மேடையில் ஒன்று அறையில் ஐந்தானது; நடு மைக் மட்டும் எப்படி எண்ணினாலும் மூன்றுதான்.

எங்கள் சபாவில் டெஸ்ட் என்றால் நடு மைக்கில் ஒரு சுக்லாம்பரதரம். அது கணீரென்று கேட்டால், மிச்சத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று காபிக்குப் போய்விடுவார்கள். அன்றும் அப்படியே.

பாடகியின் இடது பக்க ஓரத்தில் இருந்த ஒன்றாம் மைக் அக்காவுக்கு. வலது ஓரத்தில் ஐந்தாம் மைக் மிருதங்கத்துக்கு. அக்கா குரல் வரவில்லையே என்று அறையில் இவர் ஒன்றாம் நம்பர் குமிழைத் திருகி ஏற்றினார்; மிருதங்கம் இடித்தது. இடிக்கிறதே என்று ஐந்தை இறக்கினார். அக்கா இன்னும் அமுங்கினாள். முன் வரிசையில் இருந்த எனக்கு அவள் குரல் நேராகவே கேட்டது. அப்படி உருகிப் பாடினாள், நான் வேறு எதையும் கவனிக்கவில்லை.

கச்சேரி முடிந்து வாசலில் ஒரு மாமி, "பின்பாட்டுக்கு உக்காந்தவ வாயே தொறக்கலையே!" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காதக் கழுவிண்டு வாங்கோ மாமி" என்று சொல்லிவிட்டேன். பாவம், பின் வரிசையில் ஸ்பீக்கரை நம்பி உட்கார்ந்த மாமி சொன்னது நிஜம்.

மறுநாள் சாயங்காலம் டேப்பைப் போட்டோம்; அக்கா குரலே அதில் இல்லை. அதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. இவர் முகம் வெளுத்துப்போய், நல்லசிவத்தை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். "என் இடது கைலேந்துல்லா எழுதுனேன், சார்" என்றாராம் அவர். இருவரும் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். திட்டத்தான் வாயெடுத்தேன். வீடு திரும்பிய இவர் அழுவதைப் பார்த்ததும் துண்டை எடுத்து நீட்டினேன்.

கழுத்துக் கட்டோடு வீடு திரும்பிய அக்கா, முதலில் டேப் ரிக்கார்டரைத்தான் கை நீட்டிக் காட்டினாள்.

"டேப் சரியா வரலக்கா. வேண்டாம்" என்றேன். இவர் தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, மறுபடியும் அதையே காட்டினாள்.

போட்டோம். பாடகி ஒரு வரியைப் பாடி அக்காவுக்கு விட்ட இடம் வந்தது. மிருதங்கம் மட்டும் தடதடவென்று ஓடியது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டு, தன் வரியைப் பாட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நிறுத்தப் போன என் கையைத் தட்டிவிட்டு, அக்கா தன் அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள்.