பின் வளைவைப் பற்றி நெட்டா சொன்னது

விடிந்தும் மழை விடவில்லை. உலகத்தின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்கு ஜனவரி என்றால் கோடை என்று நாள்காட்டி சொல்லும். எங்கள் சவுத்லேண்ட் மழை நாள்காட்டியைப் படித்ததே கிடையாது. எங்கள் ஊர்த் தடம் புல் தடம். வருஷத்துக்கு ஒரு நாள்தான் இங்கே இரண்டு சக்கர வண்டியில் பூட்டிய பந்தயக் குதிரைகள் ஓடும். பந்தயம் தொடங்கும்போது குதிரைகளுக்கு முன்னால், இரண்டு பக்கமும் கம்பிக் கதவை விரித்துக்கொண்டு ஒரு கார் போகுமே, அதை ஓட்டுகிறவன் நான். பெயர் மர்ரே. பந்தயம் நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் தேநீர்க் கொட்டகையில் சீஸ் ரோலைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

குதிரைகளைப் பழக்கி ஓட்டுகிற டகல் உள்ளே வந்தான். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். டூயி என்கிற கறுப்புக் குதிரை, தாய் செத்துப்போன குட்டியாக ஆர்ச்சிக் கிழவரின் கொட்டிலில் கிடந்தது. புட்டியில் பால் கொடுத்து அதைத் தேற்றியவள் நெட்டா. வண்டியில் பூட்டிப் பழக்கியவளும் அவள்தான். அது ஜெயிக்கத் தொடங்கியதும் இந்த டகல் ஆர்ச்சியின் காதைக் கடித்தான். "நெட்டா குடிச்சுட்டு வண்டி ஏறுறா, அவ பேச்ச நம்பாதீங்க." பச்சைப் பொய். நெட்டா கல்யாண வீட்டில்கூட எலுமிச்சைத் தண்ணீர்தான் குடிப்பாள். ஆனால் கிழவர் நம்பிவிட்டார். டூயி டகலின் லாயத்துக்குப் போனது.

அன்றைக்கு அதன் பந்தயத்தைப் பார்க்க பெர்த்திலிருந்து ஒரு குதிரை வியாபாரி வந்திருந்தான். ஓடினால் டூயி விமானமேறி ஆஸ்திரேலியா போகும், டகலுக்குத் தரகு கிடைக்கும். பந்தயம் ரத்தானால் வியாபாரி வந்த வழியே போய்விடுவான். நெட்டா இனி டூயியைப் பார்ப்பாளா மாட்டாளா என்பது தடத்தின் ஈரத்தில் இருந்தது.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழை நாளில் ஓட்டிகளில் ஒருவர் முறைவைத்து ஒரு சுற்று வேகமாக ஓட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து "போகலாம்" அல்லது "போகாது" என்பார். அதற்கு மறுபேச்சு கிடையாது. குப்புற விழுந்தால் கழுத்து உடைகிற விஷயத்தில் எவனும் பொய் சொல்ல மாட்டான். அப்பன் மகன் சண்டையிலும் அந்தச் சொல்லை யாரும் சந்தேகித்ததில்லை.

அன்று முறை நெட்டாவுடையது.

தன் பெண்குதிரையைப் பூட்டிக்கொண்டு போனாள். பின் வளைவில் அவள் வண்டியின் வெளிப்பக்கச் சக்கரம் ஒரு பக்கமாக இழுபட்டதை நான் வேலியோரத்திலிருந்து என் கண்ணால் பார்த்தேன். பதறாமல் பிடித்து, சுற்றை முடித்து வந்தாள். முகமெல்லாம் சேறு. நடுவர் குடையோடு காத்திருந்தார். பக்கத்தில் டகல், ஆர்ச்சி, அந்த வியாபாரி.

"போகாது," என்றாள் நெட்டா. "பின் வளைவுல புல்லு மட்டுந்தான் மேல இருக்கு. அடியில மண்ணு கூழாக் கெடக்கு."

அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் அவள் டகலைப் பார்த்துச் சிரித்தாள். தடத்தைப் பற்றிச் சொல்லும்போது அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பாவம், விருந்தாளி வெறுங்கையோட போகணும். என்ன பண்றது டகல், நான் குடிகாரியாச்சே. நம்பிக்கை இல்லன்னா நீயே ஒரு சுத்து போய்ப் பாரேன்."

டகலுக்குச் சுருக்கென்று ஏறியது. "பாத்தீங்களா பெரியவரே? வயித்தெரிச்சல்ல வேணும்னே சொல்றா. நான் போறேன். போயிட்டு வந்து சொல்றேன் யாரு சொல்றது பொய்யுன்னு."

நடுவர் உதட்டைப் பிதுக்கினார். "இப்படி யாரும் கேட்டதில்லையே டகல். உன் இஷ்டம். விழுந்தா என்னைச் சொல்லாதே."

இத்தனை வருஷத்தில் இரண்டாவது சுற்றுக் கேட்டவன் இவன் ஒருவன்தான். நெட்டா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் போட்ட கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையைத்தான் சொன்னாள், ஆனால் அவன் நம்பாத மாதிரி சொன்னாள். பொய் சொல்லி அவள் பேச்சைக் கெடுத்தவனுக்கு, மெய்யையே குழியாக வெட்டி வைத்தாள். சேற்றில் அவன் மல்லாந்து கிடக்கப்போவதை நினைத்து, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் வாயெல்லாம் இனித்தது.

டகல் தினமும் பயிற்சிக்கு ஓட்டும் கிழட்டுக் குதிரை ஒன்று அவனோடு வந்திருந்தது. நெட்டா எதிர்பார்த்தபடி அதைத்தான் அவிழ்த்தான். பாதி வழியில் நின்றான். வேலியில் சாய்ந்து நிற்கும் வியாபாரியைப் பார்த்தான். அவனுக்கு ஓட்டிக் காட்டவென்று, கிழட்டைத் திரும்பக் கட்டிவிட்டு டூயியை வெளியே கொண்டுவந்தான்.

நெட்டாவின் கைகள் தாமாகப் பிரிந்தன.

"டகல்! டூயி வேண்டாம்!"

"ஏன், இப்ப என்னாச்சு?"

"நெஜமாத்தான் சொல்றேன். வளைவு உள்ள போகுது. கிழட்டக் கூட்டிட்டுப் போ, இல்ல போகாத. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்டா."

டகல் வாய்விட்டுச் சிரித்தான். "பாருங்கய்யா, பொய் வெளிய வந்துரும்னதும் எப்படி நடுங்குறா!"

"ஆர்ச்சி, நீங்களாவது சொல்லுங்க! உங்க குதிரை!"

கிழவர் அவளைப் பார்த்தார், வியாபாரியைப் பார்த்தார், கடைசியில் தன் ஷூவைப் பார்த்தார். டகல் வண்டியில் ஏறினான். அவள் கடிவாளத்தைப் பிடிக்க ஓடினாள். அவன் சாட்டையைக் குறுக்கே நீட்டித் தள்ளிவிட்டுப் போனான்.

முன் வளைவில் டூயி அழகாக ஓடியது. வியாபாரி தலையை ஆட்டினான். பின் வளைவில் டகல் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் அவள் சொன்னது மெய்யாகிவிடுமே. புல் வெடித்துப் பிளந்தது. வண்டி சாய்ந்தது, டகல் வேலிமேல் போய் விழுந்தான். டூயி முன்னங்கால் மண்ணுக்குள் இறங்க, முட்டி போட்டு, உருண்டு, எழுந்தது. எழுந்த பிறகு அந்தக் காலைக் கீழே ஊன்றவில்லை.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் நெட்டா அங்கே இருந்தாள். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்றாள். குதிரை மருத்துவர் காலைத் தடவிப் பார்த்தார். "தசைநார் அறுந்துருச்சும்மா. உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா இனிமே ஓடாது." ஒலிபெருக்கியில் பந்தயம் ரத்து என்றார்கள். வியாபாரியின் கார் அப்போதே கேட்டைத் தாண்டியிருந்தது. ஆர்ச்சி தயங்கித் தயங்கி வந்து, "நீயே கூட்டிட்டுப் போயிரும்மா," என்றார். அவள் குதிரையின் கழுத்தை விட்டாள். கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு டகலை ஏற்றியிருந்த ஆம்புலன்ஸை நோக்கி நடந்தாள்.

டகல் உள்ளே படுத்திருந்தான், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நெஜந்தான்னு ஒழுங்காச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே நெட்டா," என்று முனகினான்.

"ரெண்டு தரமும் நெஜந்தான்டா சொன்னேன். மொதல்ல சொன்னது நீ விழணும்னு. ரெண்டாவது சொன்னது டூயி விழக் கூடாதுன்னு." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் பெண்ணைப் பார்த்தாள். "எத்தனை எலும்பு போச்சு இவனுக்கு?"

"தோள்பட்டை எலும்பு ஒண்ணுதாங்க. சீக்கிரம் கூடிரும்."

"ஒண்ணுதானா," என்றாள் நெட்டா. "பத்தாது."