தண்ணீரில் மட்டும் நின்ற லுவா அம்மா

எங்கள் ஹோன் கோய் உப்பளத்துப் பெண்களை மூன்று பேராக நிற்க வைப்பதும் பூனையைக் குளிப்பாட்டுவதும் ஒன்றுதான். மூன்று பேரை ஒரே படத்தில் எடுத்தால் நடுவில் நிற்பவர் செத்துப்போவார் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். படக்கலையோ ஒற்றைப்படை கேட்கிறது. நான்கு பேர் நின்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம். மூன்று பேர் நின்றால் காவியம்.

"மூணு பேரா? உங்க வீட்டு ஆளுங்களை நிக்க வச்சு எடேன்டா" என்றாள் லுவா அம்மா. உப்பு அள்ளும் குழுவுக்குத் தலைவி. போதாக்குறைக்கு, நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட மியெனைப் பெற்றவள். பெண் கேட்டுப் போனபோது, "கல்யாணப் படத்துல பொண்ணு மூஞ்சிக்கு வெள்ளையடிச்சுப் பொழைக்கிற பய நீ. உனக்கு என் பொண்ணு கேக்குதா?" என்று விரட்டியவள். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில் கொஞ்சம் இறங்கினாள். "மாகாணப் போட்டியில முதல் பரிசு வாங்கிட்டு வா. அப்புறம் வாயத் தொற."

ஆகவே நான்கு பேர். விடியற்காலையில் தோளில் காவடி, இருபுறமும் உப்புக்கூடை. வரப்பின் மேல் வரிசையாக நடந்தார்கள். கீழே பாத்தித் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு நான்கு பேர். மூன்று பேர் சொன்னபடி நேரே பார்த்து நடந்தார்கள். மியெனுக்கு முன்னால், இரண்டாவதாக வந்த லுவா அம்மா மட்டும் என் பக்கம் திரும்பி, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தாள். சோகம் ததும்ப வேண்டிய படத்தில் மீன்கடைச் சண்டை.

படம் அனுப்பக் கடைசி நாள். கணினியில் உட்கார்ந்து வெளிச்சத்தைக் குறைத்தேன். போன வருஷத்து மேகத்தைக் கொண்டுவந்து வானத்தில் ஒட்டினேன். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு வருங்கால மாமியாரைத் துடைத்து எடுத்தேன். மியெனுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். ஆகா, என்ன ஒரு ஏக்கம்! "காத்திருப்பு" என்று பெயர் வைத்து அனுப்பிவிட்டேன்.

முதல் பரிசு. கூடவே நடுவர்களின் பாராட்டுக் கடிதம்: 'மறைந்த தாய், வரப்பில் இல்லை. ஆனால் தண்ணீரில் இன்னும் சுமக்கிறாள்.' எந்தத் தாய்? படத்தைத் திறந்து பார்த்தேன். அடப்பாவி! மேலே துடைத்தவன் தண்ணீரைத் துடைக்க மறந்திருக்கிறேன். லுவா அம்மா தலைகீழாகக் காவடியோடு ஜம்மென்று நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். பரிசு பரிசுதானே?

நா திராங் நகரத்தில் விழா. லுவா அம்மா ஊதாப் பட்டு அங்கி போட்டு, முதல் வரிசையில் எனக்கும் மியெனுக்கும் நடுவில் உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். மேடையில் படத்தைச் சிவப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். வெள்ளைத் தாடி நடுவர் மைக்கைப் பிடித்தார்.

"திரையை விலக்குவதற்கு முன், அந்த உழைப்பாளித் தாய்க்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்."

அரங்கமே எழுந்தது. லுவா அம்மாவும் வாயிலிருந்த விதையைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு எழுந்தாள். தலை குனிந்தாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், யாருடா செத்தது? சின்ன வயசா?" என்று என் காதில் கேட்டாள்.

என்னென்னவோ பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் யாரென்றே தெரியாத ஒருத்திக்காக அவள் உண்மையாகவே அழுதாள். பரிசு போனால் மியெனும் போனாள் என்று தெரிந்தேதான் மேடை ஏறினேன்.

"யாரும் சாகலைங்க. அந்த அம்மா முதல் வரிசையில நிக்கிறாங்க. ஊதா டிரெஸ்ஸு. படம் கெடுதேன்னு நான்தான் அழிச்சேன். தண்ணியில அழிக்க மறந்துட்டேன்."

அரங்கம் சிரித்த சிரிப்பில் கூரை பறக்காததுதான் பாக்கி. தாடிக்காரர் பரிசுக் கோப்பையைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். லுவா அம்மா விறுவிறுவென்று மேடையேறித் துணியை இழுத்தாள்.

"என்னை அழிச்சியா? தொலையட்டும். மூணு பேரு! நடுவுல யாருடா? என் பொண்ணு! அவளுக்கு ஏதாவது ஆனா?"

கை ஓங்கியவள் அப்படியே நின்றாள். குனிந்து, தண்ணீரில் தெரிந்த தலைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒருமுறை. மறுமுறை.

"நாலு" என்று பெருமூச்சு விட்டாள். "நாலு பேரு இருக்கோம். பொழச்சுப் போ."

நான் கும்பிட்டேன். அவள் இறங்கிப் போய் மியெனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விதையைக் கடித்துத் துப்பினாள்.

"உங்க கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேற ஆளைப் பாரு. உன்னை நம்பி நான் நிக்க மாட்டேன்."